கழித்தல் குறி விழுந்த தெரு

கார்த்திக்,

சென்னை போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக நீ அனுப்பிய கட்டைவிரல் படம் வந்தது. பதிலுக்கு நானும் ஒரு விரலை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் உன் பையில் நான் வைத்த பச்சை ஃபைலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன், நீ வடை வாங்கப் போய்விட்டாய். நீ திரும்பி வந்த பிறகும் வண்டி வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் நான் வடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் கூரியர்காரரிடம் கொடுக்கப்போகிறேன். உன்னோடு வேலை செய்பவர்களும், அடுத்த வியாழக்கிழமை மன்னார்புரம் மின்வாரிய ஆபீஸில் உன் திட்டத்தைப் பற்றி நடக்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களும் இதைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆகவே உனக்கு ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் நடுநடுவே வரும். பொறுத்துக்கொள். முப்பத்திரண்டு வருடம் மின்சார ஆபீஸில் வேலை பார்த்து, செயற்பொறியாளராக ஓய்வுபெற்ற ஒருத்தி தன் மகனுக்கு எழுதுவது இது. அந்த மகன் இப்போது திருச்சி வட்டாரத்துக்கு ஸ்மார்ட் மின்கட்டமைப்புத் திட்டம் தயாரிக்கும் குழுவில் இருக்கிறான். அவன் திட்டத்துக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டிருக்கும் வரைபடம் நான் போட்டது. அந்த வரைபடம் தவறு. தவறு என்று தெரிந்தேதான் அவன் கையில் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்று கேட்பாய். நீ வந்து இறங்கிய அன்றே, "அம்மா, எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மர்ல இருக்குன்னு கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம் நீ அந்தக் காலத்துல எழுதினதுதான், தெரியுமா? உன் கையெழுத்து ஸ்கேன்ல அப்படியே இருக்கு" என்று சிரித்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. மூல ஃபைல் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டாய். அந்தப் பச்சை ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போது உண்மையைச் சொல்வது கஷ்டம். இன்னொன்றும் நினைத்தேன். புது மீட்டர் வந்துவிட்டால் பழைய பிழையெல்லாம் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாமல் கரைந்துபோகும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை மத்தியானம், நீ படிக்கச் சொல்லி விட்டுப்போன உன் அறிக்கையை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் அது கரையாது என்று புரிந்தது.

அறிக்கையைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வீட்டிலும் கால் மணிக்கு ஒருமுறை தானே கணக்கு அனுப்பும் மீட்டர், ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் அதேபோல ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டு வழியில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று கண்டுபிடிப்பது, சாயங்கால நெருக்கடி நேரத்தில் பாரத்தைக் குறைப்பது எல்லாமே தேவைதான். நான் பழையதைப் பிடித்துக்கொண்டு புதியதைப் பார்த்து முகம் சுளிக்கிறவள் இல்லை. ஸ்மார்ட் என்ற சொல்லை ஒரு பக்கத்தில் பதினொரு முறை போட்டிருக்கிறாய், அதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். குடிநீர் மோட்டார்களைப் பற்றி எழுதியிருந்த இடம் எனக்குப் பிடித்தது. ஸ்ரீரங்கத்தில் மாநகராட்சித் தண்ணீர் வருகிற நேரத்துக்கு ஒரு தெருவே ஒன்றாக எழுந்து மோட்டார் போடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வோல்டேஜ் ஏன் தினமும் அந்த ஒரு மணி நேரம் விழுகிறது என்று தெரியாமல் இரண்டு வாரம் கம்பம் கம்பமாகத் தேடினேன். கடைசியில் ஒரு வீட்டுக்கார அம்மா, "தண்ணி வர்ற நேரம்ங்க, இதுக்கா இத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அதிலிருந்தே நான் பாடம் படித்திருக்க வேண்டும். காகிதத்தில் பார்ப்பதற்கு முன்னால் தெருவில் ஒருவரைக் கேட்க வேண்டும் என்பதைச் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

இப்போது நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வா. மின்இழப்பு அதிகமுள்ள ஏழு டிரான்ஸ்பார்மர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. திருட்டு நடப்பதாகச் சந்தேகப்படும் இந்த ஏழு இடங்களில் முதலில் புது மீட்டர் பொருத்தப்படும், அளவைத் தாண்டினால் ஆள் போகாமலே இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும் என்று எழுதியிருக்கிறாய். பட்டியலில் முதல் பெயர் திருவானைக்காவல் மில் தெரு டிரான்ஸ்பார்மர். அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: மூன்று இடங்களில் இழப்புக்குக் கழித்தல் குறியோடு விடை வந்ததால், தரவுப் பிழை எனக் கருதி அவை நீக்கப்பட்டன. அந்த மூன்றில் ஒன்று நம் தெருமுனை டிரான்ஸ்பார்மர். இதைப் படித்தபோது முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. இரண்டு தெருவும் முதுகோடு முதுகு ஒட்டிய தெருக்கள். ஒன்றில் அவ்வளவு குறைகிறது, அடுத்ததில் அவ்வளவு கூடுகிறது. இது இவனுக்குத் தோன்றவில்லையா என்று நினைத்தேன். உடனே, பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எனக்கே தோன்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நீ என் மகன்தான், சந்தேகமே இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ பன்னிரண்டாவது படித்த வருடம். நம் தெருவில் எல்லோரும் ஏசி வாங்கத் தொடங்கியிருந்தார்கள், முனை டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு நம் வீட்டு டியூப் லைட் எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும். மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். அப்பா ஸ்டெபிலைசர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முள் இறங்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கும்படி அளவைப் படிப்பார். "ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிறவங்க வீடு, நல்லா இருக்கு" என்பார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. நீ மொட்டைமாடியில் கடைசி வெளிச்சம் போகும்வரை படித்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வருவாய். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வயர்மேன் கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன். என் அலுவலகத்தில் கம்பம் ஏறுகிறவர்களிலேயே கைச்சுத்தமான ஆள், அதிகம் பேசமாட்டார். "கலியமூர்த்தி, நம்ம வீட்டுப் பக்கம் வோல்டேஜ் ரொம்பக் கம்மியா இருக்கு, பையனுக்குப் பரீட்சை, ஏதாவது பாருங்க" என்றேன். "பாத்துடலாம் மேடம்" என்றார். அன்று சாயங்காலமே டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது. அப்பா நாற்காலியை ஹாலுக்கு மாற்றினார். நீ நல்ல மார்க் வாங்கினாய். அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதைக் காகிதத்தில் எழுத வேண்டியிருக்கும், மேலே அனுமதி கேட்க வேண்டியிருக்கும், நம் தெருவுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று யாராவது கேட்பார்கள். அதனால் கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

அவர் செய்தது இதுதான். நம் வீட்டு வரிசையில் இருக்கும் பதினான்கு வீடுகளுக்கும் போகும் கம்பியை முனை டிரான்ஸ்பார்மரிலிருந்து அவிழ்த்து, பின்னால் இருக்கும் மில் தெரு டிரான்ஸ்பார்மரில் கட்டிவிட்டார். வேலை தெரிந்தவர் செய்த நல்ல வேலை. மில் தெருவில் இருந்தது அருளப்பனின் மாவு மில். மிளகாய், மல்லி, சீயக்காய், அரிசிமாவு எல்லாம் அரைப்பார். பகலெல்லாம் ஓடிவிட்டு ஆறு மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த டிரான்ஸ்பார்மர் சும்மாதான் இருந்தது. ஆனால் என் வரைபடத்தில் அந்தப் பதினான்கு வீடுகளும் பழைய இடத்திலேயே இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன.

இரண்டு வருடம் கழித்து மின்இழப்பைக் குறைக்க வேண்டும் என்று எல்லா வட்டாரத்துக்கும் இலக்கு வந்தது. உனக்கு இப்போது வந்திருப்பது போலத்தான், சொற்கள் மட்டும் வேறு. எனக்கு அப்போது உதவிச் செயற்பொறியாளர் பதவி. டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்தோம். அது கொடுத்த மின்சாரம் எவ்வளவு, அதன்கீழ் இருக்கும் வீடுகளின் மீட்டர்கள் காட்டுவது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தோம். மில் தெருவில் நிறையக் குறைந்தது. நம் தெருவில் கொடுத்ததைவிட அதிகமாக வீடுகளில் ஓடியிருந்தது. அப்படி நடக்க முடியாது என்பதால் மீட்டர் கோளாறு என்று எழுதி அந்தத் தாளை அடியில் வைத்தேன். மில் தெருத் தாளைச் சுவரில் ஒட்டினேன். குறைகிற இடத்துக்கு ஜீப் எடுத்துக்கொண்டு போவோம். கூடுகிற இடத்துக்கு யாரும் போனதில்லை. எங்கள் ஆபீஸில் அதுதான் பழக்கம், யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை.

மில் தெருவில் பெரிய மோட்டார் வைத்திருப்பவர் ஒருவர்தான். வேறு யாரைச் சந்தேகப்படுவது? நாலு பேரை அழைத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போனேன். மில்லில் கூட்டம். பெண்கள் டப்பாவும் தூக்குமாக வரிசையில் நின்றிருந்தார்கள். அருளப்பன் முகமெல்லாம் மாவு, கண் மட்டும் தெரிந்தது. மீட்டரைக் கழற்றச் சொன்னேன். "என்ன மேடம், என்ன ஆச்சு? என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க மேடம்" என்றார். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மீட்டர் ஓடாம மிளகாய் மட்டும் எப்படிய்யா அரைபடுது?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு கையில் சல்லடையோடு நின்றுகொண்டிருந்தார், அவர் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் உன்னிடமும் திரும்பச் சொன்னேன். நீ காலேஜ் விடுமுறையில் வந்திருந்தாய். நீயும் சிரித்தாய், நினைவிருக்கிறதா?

மீட்டர் சோதனைக்குப் போய்த் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை மில்லுக்கு மின்சாரம் இல்லை. மீட்டர் சரியாக இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று சோதனைக்கூடம் எழுதியிருந்தது. இணைப்பைத் திரும்பக் கொடுத்தோம். கொடுக்கும்போது நான் போகவில்லை, ஆள் அனுப்பினேன். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மில்லுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. கரண்டு திருடன் மில் என்று பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். மிளகாய் அரைக்க வந்தவர்கள் இன்னொரு மில்லுக்குப் போனார்கள். ஒரு வருடத்துக்குள் அருளப்பன் மெஷினைக் கழற்றி விற்றுவிட்டு ஊரைவிட்டே போனார். இழப்பு அப்படியே இருந்தது. ஊரைவிட்டுப் போன பிறகாவது திருட்டை நிறுத்தியிருக்கலாம் என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

எனக்கு உண்மை தெரிந்தது அவர் போன பிறகு ஒரு புதன்கிழமை. காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்தேன். அன்று காலை பத்து மணிக்கு மில் தெரு டிரான்ஸ்பார்மரைப் பராமரிப்புக்காக நிறுத்த வேண்டும். அனுமதித் தாளில் முதல்நாள் கையெழுத்துப் போட்டவளே நான்தான். பத்து மணிக்கு நம் வீட்டு மின்விசிறி நின்றது. ஏதோ ஃபியூஸ் என்று எழுந்து வாசலுக்கு வந்தேன். எதிர் வரிசை வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. நம் வரிசையில் மட்டும் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். பதினான்கு வீடு. நான் அங்கேயே எண்ணினேன். காய்ச்சலோடு திரும்பிப்போய்ப் படுத்தேன், விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் விசிறி திரும்பச் சுற்றத் தொடங்கியபோது எனக்கு அழுகை வந்தது. அப்பா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுத்தார்.

மறுநாள் கலியமூர்த்தியைக் கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். "ஆமாங்க மேடம், நீங்கதானே சொன்னீங்க தம்பிக்குப் பரீட்சைன்னு. பின்னாடி டிரான்ஸ்பார்மர்ல மாத்தி விட்டேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு அவரே, "அப்ப மில்லுக்காரரு..." என்று ஆரம்பித்தார். நான், "இதைப் பேப்பர்ல போட வேண்டாம் கலியமூர்த்தி. பாத்துக்கலாம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு எந்த வேலைக்கும் வரவில்லை, வேறு ஆளை அனுப்புவார். எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. வந்தது. வரைபடத்தைத் திருத்தினால் ஏன் திருத்தினேன் என்று எழுத வேண்டும், எழுதினால் யார் வீட்டு வெளிச்சத்துக்காக யாரைத் திருடன் என்றோம் என்பது வெளியே வரும். அருளப்பனிடம் காணாமல் போன மின்சாரத்தில்தான் நம் வீட்டு டியூப் லைட்டும், உன் பரீட்சை வெளிச்சமும், அதற்குப் பிறகு நாம் வாங்கிய ஏசியும் ஓடின என்பதை நான் இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அன்னைக்கு நீ சொன்னதுக்கு நானும்ல சிரிச்சேன்" என்றார். ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை.

இதை உன்மேல் பாரமாக வைக்க எழுதவில்லை. நீ ஒன்றும் கேட்கவில்லை, வெளிச்சம் வந்தது, படித்தாய். ஆனால் நாற்பத்தொன்றாம் பக்கம் இப்படியே மன்னார்புரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிய வேண்டும். மில் தெருவில் இப்போது மில் இல்லை. இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. டயாலிசிஸ் செய்துகொண்டு வந்து படுத்திருப்பவர் ஒருவர், தையல் மெஷின் வைத்திருக்கும் இரண்டு பெண்கள், ரயில்வே வேலைக்குப் போகிறவர்கள். இவர்கள் யாரும் எதையும் எடுக்கவில்லை. உன் திட்டப்படி முதலில் இவர்களுக்குத்தான் அளவு வைக்கப்படும், தாண்டினால் தானாக அணையும். நானாவது ஜீப்பில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்து அருளப்பனால் ஒரு வார்த்தை கேட்க முடிந்தது. நீ எழுதியிருப்பதில் கேட்பதற்கு ஆளே இல்லை. புது மீட்டர் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நான் நினைத்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று பார். விலாசம் தப்பாக எழுதிய கடிதத்தைக் கால் மணிக்கு ஒன்றாக அனுப்பினால் எல்லாம் தப்பான வீட்டுக்குத்தான் போகும், இன்னும் சீக்கிரமாகப் போகும்.

மற்ற ஆறு இடங்களும் எப்படி என்று எனக்குத் தெரியாது. அவற்றில் உண்மையான திருட்டும் இருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கலியமூர்த்தி இருந்திருப்பார், ஒரு வீட்டில் ஒரு பரீட்சையோ கல்யாணமோ இருந்திருக்கும், யாரோ வாய்ச்சொல்லாக ஏதாவது பாருங்க என்றிருப்பார்கள். நம் ஊரில் பாதி லைன் அப்படித்தான் போகிறது. அதனால், கழித்தல் குறி வந்த மூன்று இடங்களையும் திரும்ப எடுத்து வை. அவற்றின் பக்கத்துத் தெரு எது என்று பார். அந்தப் பகுதியில் ஓய்வுபெற்ற வயர்மேன்கள் இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கேள். யார் பெயரையும் எழுத மாட்டோம் என்று சொல், அப்போதுதான் பேசுவார்கள். பிறகு டிரான்ஸ்பார்மரை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு எந்தெந்த வீட்டில் விசிறி நிற்கிறது என்று நடந்து போய்ப் பார். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், செருப்பு இருந்தால் போதும். அதெல்லாம் முடியும்வரை அந்த ஏழு பெயர்களும் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. திட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும், உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

செவ்வாய்க்கிழமை நான் அருளப்பனைத் தேடிப்போனேன். திருவெள்ளறையில் இன்னொருவருடைய மில்லில் வேலை பார்க்கிறார், பக்கத்திலேயே வீடு. பஸ்ஸில் போகும்போது என்னென்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவைத் திறந்தது ஸ்டெல்லா. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க" என்றார், சிரிக்கவில்லை. அருளப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். புருவத்தில் மாவு இருந்தது. நான் ஆரம்பித்தேன், பாதி சொல்வதற்குள் ஸ்டெல்லா, "தெரியுங்க" என்றார். "கலியமூர்த்தி அண்ணன் ரிட்டயர் ஆன அன்னைக்கே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு சாவுக்கும் நாங்க போயிட்டுதான் வந்தோம்."

ஆக, ஏழு வருடமாக அவர்களுக்குத் தெரியும். பின்னே ஏன் வந்து கேட்கவில்லை என்றேன். கேட்கக்கூடாத கேள்வி. அருளப்பன்தான் பதில் சொன்னார், கோபமே இல்லாமல். "கேட்டு என்ன பண்றதுங்க? கரண்ட் ஆபீஸ் மேடம் வீட்டு கரண்ட்டுதான் எங்க கணக்குல வந்துச்சுன்னு சொன்னா, திருடுனது பத்தாதுன்னு பழி வேற போடுறான்னுதானே சொல்லியிருப்பாங்க." அவருக்கு என்னால் ஏதாவது செய்ய முடியுமா என்றேன். மில் வைக்க உதவலாமா, யாரிடமாவது பேசலாமா என்று என்னென்னவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் வேண்டாங்க. வயசாயிடுச்சு, இங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் செய்வீங்களா?" என்றார். "அன்னைக்கு மில்லு வாசல்ல நின்னு சொன்னீங்கல்ல. அதே எடத்துல வந்து சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து பஸ் நிற்கும் இடம்வரை நடக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. இந்த வயதில் தெருவில் நின்று பேசுவது, நம் வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்பது, நாளைக்குக் காய்கறி வாங்கப் போனால் பின்னால் பேசுவார்கள் என்பது எல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் அவர் ஒரு வருடம் அதே தெருவில் மில்லைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏற்பாடு செய்துவிட்டேன். இப்போதுள்ள உதவிப் பொறியாளரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். நல்ல பெண், இடையில் பேசாமல் கேட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மில் தெரு டிரான்ஸ்பார்மரை இரண்டு நிமிடம் நிறுத்த அனுமதி கொடுத்திருக்கிறாள். எழுத்தில் வாங்கிக்கொண்டேன், இந்த முறை வாய்ச்சொல் இல்லை. இரண்டு தெருவிலும் முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லிவிட்டோம், டயாலிசிஸ்காரர் வீட்டில் இரண்டு முறை சொன்னோம். அருளப்பனும் ஸ்டெல்லாவும் வருகிறார்கள். நான் அவர்களோடு பழைய மில் வாசலில் நிற்பேன். சொல்ல வேண்டியதைச் சொல்வேன். ஆனால் நான் சொன்னால் மட்டும் போதாது, கார்த்திக். அன்றைக்கு நான் சொன்னதையும் எல்லோரும் நம்பத்தானே செய்தார்கள். இந்த முறை அவர்கள் காதால் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடு. பத்து மணிக்கு நீ நம் வீட்டுப் பின்பக்க மொட்டைமாடியில் நிற்க வேண்டும். மில் வாசல் அங்கிருந்து தெரியும், நீ பரீட்சைக்குப் படித்த அதே இடம்தான். அப்பா கீழே ஹாலில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அளவு படித்துப் பழக்கம் உண்டு. அவர் குரல் கொடுத்ததும், மில் வாசலில் நிற்கிறவருக்குக் கேட்கும்படி நீ உரக்கச் சொல்ல வேண்டும்: "எங்க வீட்டுல நின்னுடுச்சு."

அம்மா